டரெட் 0.22 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது

வெண்கலத் தண்டொன்றின் முகத்தைச் சீவி முடித்து, டூல்களை ஏந்திச் சுற்றும் டரெட் பின்வாங்கியதும் லேத்தின் கதவைத் திறந்து பார்த்தேன். பளபளத்த வட்டத்தின் நட்டநடுவில் மணற்பருக்கை அளவில் ஒரு குமிழ் மிஞ்சி நின்றது. நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. வேர்னியரின் கூர்முனைகளால் பிடித்துப் பார்த்தபோது அதன் விட்டம் 0.4 மில்லிமீற்றருக்கும் 0.5 மில்லிமீற்றருக்கும் இடையில் இருந்தது. வெட்டும் டூலின் முனை, தண்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மையத்துக்குச் சரியான உயரத்தில் நின்றிருந்தால் இந்தக் குமிழ் மிஞ்சியிருக்க முடியாது. முனை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அதன் இரு மடங்கே அந்தக் குமிழின் விட்டம் என்பதால், அளவுக் கருவி எதையும் மாட்டுவதற்கு முன்னரே பிழை ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் என்று அந்த வெண்கலத் துண்டு சொல்லிவிட்டது.

எங்கள் பட்டறை இணுவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. தோட்டக் கிணறுகளில் இறைக்கும் பம்புகளின் தண்டு, புஷ், லாண்ட்மாஸ்ரர் என்னும் இருசக்கர உழவு இயந்திரத்தின் தேய்ந்த பாகங்கள், குருநகரிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் வரும் படகுத் தண்டுகள் என இதுவரை எல்லாவற்றையும் இரண்டு கைலேத்துகளிலேயே கடைந்து வந்தோம். ஒரே அளவில் நூறு புஷ் கேட்டு வருவோரைத் திருப்பியனுப்ப மனமில்லாமல்தான், சாய்ந்த படுக்கையும் 10 டூல் நிலையங்களும் கொண்ட கணினியால் இயங்கும் ஜப்பானியப் பழைய சி.என்.சி. லேத் ஒன்றைக் கொழும்பிலுள்ள ஓர் இறக்குமதியாளரிடம் வாங்கினேன். அங்கே அவர்கள் ஸ்பிண்டிலைச் சுழற்றிக் காட்டினார்கள், டரெட்டை ஒரு சுற்றுச் சுற்ற வைத்தார்கள். ஒரு துண்டு உலோகத்தையேனும் வெட்டிக் காட்டும்படி நான் கேட்கவில்லை. பழைய லேத் வாங்கப் போகிறவர்கள் நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜையும் அதைத் தாங்கும் காந்த அடியையும் பையில் கொண்டுபோய், டிரிலையும் போரிங் பாரையும் செருகும் ஒரே ஒரு போரிங் ஹோல்டரின் துளையையாவது சுற்றி அளந்து பார்க்க வேண்டும். கால் மணி நேரம் போதும். அதைச் செய்திருந்தால், நான் அந்த இயந்திரத்தை வேறு விலைக்கு வாங்கியிருப்பேன்.

முதல் இரண்டு நாட்களும் நான் டூலின் இடத்தைத் திருத்தும் எண்களை இடுகிற ஓஃப்செட் திரையிலேயே மினைக்கெட்டேன். எந்த அளவு பிழைத்தாலும் ஓஃப்செட்டில் ஓர் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் என்ற பழக்கம் சி.என்.சி. லேத்தில் வேலை செய்பவர்களிடம் விரைவில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இரண்டு அச்சு லேத்தில் விட்டத்தின் திசையில் எக்ஸும் தண்டின் நீளத் திசையில் இசட்டும் மட்டுமே உண்டு. உயரத்துக்கு அச்சும் இல்லை, அதைத் திருத்த எண்ணை இடுவதற்குத் திரையில் ஒரு கட்டமும் இல்லை. உயரப் பிழையை எக்ஸ் ஓஃப்செட்டினால் ஈடுசெய்ய முயன்றால் அது ஒரு விட்டத்துக்கு மட்டுமே சரிவரும். டூல் 0.22 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கும்போது 50 மில்லிமீற்றர் விட்டத்தில் ஓஃப்செட்டைச் சரிப்படுத்திவிட்டு, அதே டூலால் 6 மில்லிமீற்றர் விட்டத்தைக் கடைந்தால், அது ஏறத்தாழ 0.014 மில்லிமீற்றர் பெரிதாக வரும். டூல் முனைக்கும் மையத்துக்கும் இடையிலான உண்மையான தூரம் செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கம் என்பதும், விட்டம் சிறுக்கச் சிறுக்க உயரப் பிழையின் பங்கு அதில் பெருகும் என்பதும்தான் காரணம். பெரிய விட்டத்தில் சரியாகவும் சிறிய விட்டத்தில் பிழையாகவும் வந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு, ஓஃப்செட்டை முன்னும் பின்னும் நகர்த்தி நான் இழந்த நேரம் இதனால்தான். துளையிடும் வேலையில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. டிரில் மையத்தை விட்டு விலகி நுழைந்ததால் 10 மில்லிமீற்றர் துளை அகன்று போனது. நுழைவாயில் மணியின் வாய் போல விரிந்தது.

டூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது ஒரு விடயம் தெரியவந்தது. இயந்திரத்தோடு வந்த, வெளிவிட்டம் கடையும் ஹோல்டர்கள் எல்லாவற்றின் கீழும் யாரோ மெல்லிய உருக்குத் தகட்டைக் கத்தரித்து வைத்திருந்தார்கள். ஐந்து ஹோல்டர்களின் கீழிருந்து ஐந்து துண்டுகளை எடுத்தேன். மைக்ரோமீற்றரில் நான்கு துண்டுகள் 0.2 மில்லிமீற்றரும் ஒன்று 0.25 மில்லிமீற்றரும் இருந்தன. அவற்றின் விளிம்புகள் கூலன்ற் பட்டுக் கறுத்திருந்தன. ஆண்டுக்கணக்கில் அவை அங்கேயே இருந்திருக்கின்றன. வாங்கிய பின் நான் புதிதாக மாட்டிய ஹோல்டரின் கீழ் தகடு இல்லாததால்தான் என் வெண்கலத்தில் குமிழ் மிஞ்சியது. முன்பு இந்த இயந்திரத்தை ஓட்டியவருக்குப் பிழை தெரிந்திருக்கிறது, ஆனால் அவர் அதன் மூலத்தைத் தொடவில்லை. சதுரத் தண்டுள்ள டூலின் கீழ் தகடு வைக்கலாம். டிரிலும் போரிங் பாரும் வட்டத் துளைக்குள் இருப்பவை. அவற்றுக்குத் தகடு வைக்க இடமே இல்லை.

டரெட்டைத் தளர்த்துவதற்கு முன் பிழை உண்மையில் டரெட்டில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. மீற்றருக்கு 0.02 மில்லிமீற்றர் காட்டும் நீர்மட்டத்தை வைத்து இயந்திரத்தின் அடித்திருகுகளைச் சரிசெய்தேன். படுக்கை முறுகியிருந்தால் அதன் மேலுள்ள எதையும் அளப்பதில் பொருளில்லை. பிறகு ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டொக்கைச் சோதித்தேன். டூல் எதிலாவது மோதும்போது டரெட்தான் நகர வேண்டும் என்ற விதியில்லை, சில வேளைகளில் ஹெட்ஸ்டொக்கே திரும்பிவிடும். அப்படித் திரும்பியதற்கு ஏற்ப டரெட்டை வளைத்து வைத்தால் இரண்டும் கெடும். தடித்த தண்டொன்றை, அதைத் தாடைகளால் பிடிக்கும் சக்கிலிருந்து 150 மில்லிமீற்றர் வெளியே நிற்கும்படி பிடித்து, மிக மெல்லிய வெட்டாகக் கடைந்து, இரு முனைகளிலும் விட்டத்தை அளந்தேன். வேறுபாடு 0.005 மில்லிமீற்றர் மட்டுமே. ஸ்பிண்டில் தன் இடத்தில்தான் இருந்தது.

அடுத்ததாக ஸ்பிண்டிலின் முகத்தில் காந்த அடியை ஒட்டி, டயல் கேஜின் முனையை 32 மில்லிமீற்றர் போரிங் ஹோல்டரின் துளைக்குள் தொடவைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுழற்றினேன். எக்ஸ் திசையில் இரு பக்கமும் ஒரே அளவு காட்டும்வரை கைச்சக்கரத்தால் டரெட்டை நகர்த்தினேன். அதன் பின் எக்ஸுக்குச் செங்குத்தான திசையில் காணும் வேறுபாடுதான் உயரப் பிழையின் இரு மடங்கு. 45 பாகை சாய்ந்த படுக்கையில் உயரம் என்பது நாம் நின்று பார்க்கும் மேல் கீழ் அல்ல, சாய்ந்த தளத்துக்குச் செங்குத்தான திசை. இதை மறந்து கடிகாரத்தின் 12 மணி, 6 மணித் திசைகளில் அளந்தால், எக்ஸ் பிழையும் உயரப் பிழையும் கலந்த ஓர் எண் கிடைக்கும். அதை வைத்து எதையும் திருத்த முடியாது.

கேஜ் 0.46 காட்டியது. பாதி 0.23 என்று நான் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் முக்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: “தம்பி, உந்தக் கேஜின்ரை கை எவ்வளவு தொங்குதெண்டு பாத்தனியே?”

அவர் இளவயதில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் பட்டறையில் வேலை பழகியவர். 1990 இல் அந்தத் தொழிற்சாலை நின்றுபோகும்வரை மோட்டாரையும் பம்பையும் ஒரே நேர்கோட்டில் இணைக்கும் வேலையில் இருந்தவர். சி.என்.சி. திரையில் இருக்கும் எதையும் தனக்குத் தெரியாது என்று அவரே சொல்வார். ஆனால் இரண்டு அச்சுகளை ஒன்றுக்கொன்று நேராக்கும் வேலையில் அவருடைய அறிவுக்கு ஈடாக எங்கள் பட்டறையில் எவரும் இல்லை. நீட்டிய கையின் நுனியில் நிற்கும் கேஜ் மேலே இருக்கும்போது ஒரு விதமாகவும் தலைகீழாகத் திரும்பும்போது வேறு விதமாகவும் தொய்யும், அந்தத் தொய்வு பிழையாகவே கேஜில் தெரியும் என்று அவர் விளக்கினார். தடித்த உருக்குத் தண்டொன்றில் அதே காந்த அடியையும் அதே நீளத்துக்கு நீட்டிய கையையும் பொருத்தி, கேஜின் முனையை அந்தத் தண்டிலேயே தொடவைத்து, மேலே சுழியத்தில் நிறுத்தி, தண்டோடு சேர்த்து முழுவதையும் தலைகீழாகப் புரட்டச் சொன்னார். முள் 0.03 நகர்ந்தது. அங்கே வேறு எந்தப் பிழைக்கும் வழியில்லை. அது முழுவதும் கையின் தொய்வு. 45 பாகைச் சாய்வில் அதன் பங்கு 0.02. அதைக் கழித்தால் 0.44 மிஞ்சும், பாதி 0.22. குமிழ் சொன்னதும் தகடுகள் சொன்னதும் இதைத்தான். எக்ஸ் திசையில் மையம் பார்க்கும்போதும் இதே 0.02 கணக்கில் வரவேண்டும் என்பதை நானாக நினைத்திருக்க மாட்டேன்.

அதன் பிறகு இரண்டு சோதனைகளைச் செய்தோம். ஒரே நிலையத்தை ஐந்து தடவை சுற்றிவந்து பூட்ட வைத்து, ஒவ்வொரு தடவையும் அளந்தோம், அளவுகள் 0.003 மில்லிமீற்றருக்குள் ஒத்துப்போயின. டரெட் சுற்றும்போது டூல்கள் மாட்டியுள்ள அதன் தட்டு சற்று முன்னே வந்து பல்லிணைப்பிலிருந்து விடுபட்டுத் திரும்பி, பிறகு ஹைட்ரோலிக் அழுத்தத்தால் பின்னே இழுக்கப்பட்டுப் பற்களோடு பற்கள் அமர்ந்து பூட்டுகிறது. பற்களில் வெட்டுத்தூள் சிக்கியிருந்தாலோ பல் உடைந்திருந்தாலோ ஒவ்வொரு தடவையும் அளவு மாறும். மாறவில்லை என்பதால் பல்லிணைப்பு நலமாக இருக்கிறது என்று அறிந்தோம். அடுத்து, அதே ஹோல்டரைப் பத்து நிலையங்களிலும் மாற்றி மாற்றி மாட்டி அளந்தோம். ஒன்பது நிலையங்கள் ஏறத்தாழ ஒரே பிழையைக் காட்டின; 7 ஆம் இலக்கம் மட்டும் தனியே விலகியது. எல்லா நிலையங்களும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் தட்டு முழுவதும் தன் அச்சைச் சுற்றித் திரும்பியிருக்கிறது. ஒன்று மட்டும் விலகினால் அந்த இருக்கைதான் காயப்பட்டிருக்கிறது. 7 ஆம் இலக்க இருக்கையின் விளிம்பு நசுங்கியிருந்ததைக் கையால் தடவியே உணர முடிந்தது. சுழலும் சக்கின் தாடை அந்த நிலையத்தில் இருந்த டூலைத்தான் அடித்திருக்க வேண்டும்.

ஹோல்டரின் துளை டரெட்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 0.22 என்பது ஒரு பாகையில் பதினாறில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத இந்தத் திருப்பம் போதும், டிரில்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிவதற்கு.

டரெட்டின் முகம் எக்ஸ் அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்றும் பார்த்தோம். கேஜை ஸ்பிண்டிலில் அசையாமல் நிறுத்தி, முனையை டரெட்டின் முகத்தில் தொடவைத்து, எக்ஸை 100 மில்லிமீற்றர் நகர்த்தியதில் 0.05 வேறுபாடு தெரிந்தது. ஆகவே பிழைகள் இரண்டு, அவற்றுக்கான இடங்களும் இரண்டு. முகம் இணையில்லாதது டரெட்டின் உடல், எக்ஸ் திசையில் அதைச் சுமந்து நகரும் குறுக்குத் தளத்தின் மேல் திரும்பியதால் வந்தது. உயரம் பிழைத்தது தட்டு பல்லிணைப்பின் மேல் வழுக்கியதால் வந்தது. உடலைத் திருப்பினால் உயரமும் சிறிது மாறும் என்பதால் முதலில் உடலைச் சரிசெய்ய வேண்டும். வேறு தயாரிப்புகளில் தட்டும் உடலும் வேறு விதமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அந்தந்த இயந்திரத்தின் கைநூலைப் பார்க்காமல் எந்த போல்ட்டிலும் கை வைக்கக் கூடாது.

சாய்ந்த படுக்கையில் எக்ஸ் தளத்தின் பாரம் எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கும். பிரேக் பிடித்திருந்தாலும் அதை மட்டும் நம்பாமல், தளத்தின் கீழே ஒரு பனங்குற்றியை முண்டு கொடுத்து நிறுத்தினோம். உடலை அதன் இடத்தில் நிறுத்தும் இரண்டு கூம்பு ஊசிகளையும் அவற்றின் தலையிலுள்ள மரையில் போல்ட் ஏற்றி, வளையம் வைத்து, நட்டைத் திருகி மேலே இழுத்தெடுத்தோம். இரண்டும் சற்று வளைந்திருந்தன. ஒரு மூலை போல்ட்டை மட்டும் மெல்லிய இறுக்கத்தில் விட்டு, மற்றவற்றைத் தளர்த்தி, பக்கத்திலிருந்து ஒரு திருகால் உடலைத் தள்ளியபோது முள் அமைதியாகச் சுழியத்துக்கு வந்தது. போல்ட்டுகளை இறுக்கியதும் 0.02 விலகிப் போனது. மீண்டும் தளர்த்திச் சுழியத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். அதே பக்கமாக, அதே அளவு விலகியது. மூன்றாம் தடவை நான் தளர்த்தப் போனபோது பெரியவர் தடுத்தார். “இறுக்கேக்கை அது இழுக்கும். எவ்வளவு இழுக்குதெண்டு பாத்திட்டாய்தானே, இனி அவ்வளவை மற்றப் பக்கம் விட்டு இறுக்கு.” முள்ளை 0.02 எதிர்ப்பக்கம் நிறுத்தி, மூலைக்கு மூலை மாற்றி, மூன்று கட்டமாக டோர்க் ஸ்பனரால் இறுக்கினோம். 100 மில்லிமீற்றருக்கு 0.006 இல் நின்றது. இறுக்கிய பின்னர் பார்க்கும் அளவே அளவு. தளர்ந்திருக்கும்போது கேஜ் காட்டும் சுழியத்தை நம்பி மூடியைப் போட்டிருந்தால் முழு உழைப்பும் வீணாகியிருக்கும்.

தட்டைத் திருப்பும் வேலையை மறுநாள் காலை 6 மணிக்குத் தொடங்கினோம். எங்கள் பட்டறைக்குத் தகரக் கூரை. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் இயந்திரத்தின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட முன்னதாகச் சூடாகும். 200 மில்லிமீற்றர் உருக்கு 10 பாகை செல்சியஸ் சூடேறினால் 0.023 மில்லிமீற்றர் நீளும். நாங்கள் தேடிக்கொண்டிருந்த துல்லியத்தை அந்த நீட்சி அப்படியே விழுங்கிவிடும்.

இந்த வேலையில் பல்லிணைப்பு பூட்டிய நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதால் ஹைட்ரோலிக் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஆகையால் கைகள் உள்ளே இருந்த நேரம் முழுவதும் இயக்கப் பலகையருகே எவரையும் விடவில்லை. நடு மூடியைக் கழற்றி, தட்டைப் பிடித்திருக்கும் எட்டு போல்ட்டுகளையும் கால் சுற்றுத் தளர்த்தி, இரண்டு கூம்பு ஊசிகளையும் எடுத்தோம். ஒரு கேஜை ஹோல்டரின் பக்கவாட்டில் நிறுத்தினேன். உடலைத் திருப்பிய பின் உயரப் பிழை 0.21 ஆகியிருந்ததால், முள் அந்த அளவு நகர வேண்டும். செம்புச் சுத்தியலின் முதல் இரண்டு தட்டுகளுக்கு எதுவும் அசையவில்லை. மூன்றாவதற்கு முள் ஒரே பாய்ச்சலில் 0.08 நகர்ந்தது. அதன் பிறகு தட்டு இளகிவிட்டது. விரல் மூட்டால் கதவைத் தட்டுவது போன்ற மெல்லிய தட்டுக்கும் 0.01, 0.02 என்று நகர்ந்தது. 0.19 இல் நிறுத்தி இறுக்கியதும் மிச்ச 0.02 தானாக வந்து சேர்ந்தது. தொய்வைக் கழித்துத் துளையைச் சுற்றி அளந்தபோது மையத்திலிருந்து விலகல் 0.005.

ஊசிகளைப் பழைய துளைகளில் திரும்ப அடிக்க முடியாது. தட்டும் உடலும் இடம் மாறியதால் மேல் துளையும் கீழ்த் துளையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. பழைய ஊசியைத் திணித்தால் அது எல்லாவற்றையும் பழைய பிழைக்கே இழுத்துச் செல்லும். 8 மில்லிமீற்றராக இருந்த துளைகளை 50 க்கு 1 சரிவுள்ள கூம்பு ரீமரால் 10 மில்லிமீற்றர் ஊசிக்கு விரித்தோம். ரீமர் கொழும்பிலிருந்து வரும்வரை இயந்திரத்தில் ஒரு துண்டுகூட வெட்டவில்லை. ஊசியில் நீல மை பூசி, துளையில் வைத்து, எடுத்துப் பார்த்து, நீளம் முழுவதும் மை ஒரே சீராகப் படியும்வரை ரீமரைக் கையாலேயே திருப்பினேன். கையால் அழுத்தும்போது ஊசி 3 மில்லிமீற்றர் வெளியே நிற்க வேண்டும். மிச்சத்தைச் சுத்தியல் கொண்டுபோய்ச் சேர்க்கும். நான்கு ஊசிகளும் அடித்து முடிந்ததும் எல்லா நிலையங்களையும் மீண்டும் அளந்தோம்.

ஒன்பது நிலையங்கள் 0.02 மில்லிமீற்றருக்குள் நிற்கின்றன. தகடு வைக்காத டூலால் வெண்கலத்தின் முகத்தைச் சீவினேன். பெரியவர் அதை வாங்கி, பெருவிரல் நகத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கு இழுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். 50 மில்லிமீற்றர் விட்டத்தில் ஓஃப்செட்டைச் சரிப்படுத்தி 6 மில்லிமீற்றர் கடைந்ததில் வேறுபாடு 0.003. டிரில் துளை வாய் விரியாமல் நேராகப் போகிறது. நசுங்கிய 7 ஆம் இலக்க இருக்கையை எண்ணெய்க் கல்லால் தேய்த்து மேடுகளை நீக்கியும், அது இன்னும் 0.04 விலகியே நிற்கிறது. இப்போதைக்கு அதில் தண்டின் நீளத்தை நிறுத்தும் தடுப்பை மாட்டியிருக்கிறேன். அதற்கு உயரம் பொருட்டல்ல.